ஸ்பானிஷ் பேசி ஸ்பெயினைச் சுற்ற: கத்தலான், பாஸ்க், காலிசியன் வட்டாரங்களுக்கான முழு வழிகாட்டி

ஆறு மாதம் ஆப்பில் ஸ்பானிஷ் படித்தவர் பார்சலோனா மெட்ரோவில் இறங்கி, வெளியே போகும் வழியைத் தேடுகிறார். படித்த சொல் ‘சலீதா’. பலகையில் இருப்பது ‘சொர்தீதா’. தப்பான ஊருக்கு வந்துவிட்டோமோ என்று அங்கேயே மனம் தளர்ந்துவிடுகிறது. தப்பான ஊர் இல்லை. பலகையின் மொழிதான் வேறு.

இந்தப் பயணத்தின் சூத்திரம் இதுதான்: பேசுவதற்கு ஸ்பானிஷ் போதும், படிப்பதற்கு உள்ளூர் மொழி கொஞ்சம் வேண்டும். நான்கு மொழிகளையும் பேசக் கற்றுக்கொள்ள முயல்வது வீண் சிரமம். உள்ளூர் மொழியை முழுக்க ஒதுக்கிவிட்டால் தப்பான பஸ்ஸில் ஏறுவீர்கள், மூடிய கடை வாசலில் நிற்பீர்கள். கீழே உள்ள வரிசையிலேயே தயாராகுங்கள். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படியை நம்பியே இருக்கிறது.

ஒரு குறிப்பு. இங்கே அயல் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருப்பது ஒலிக்காக. பலகையில் ரோமன் எழுத்துதான் இருக்கும். அதனால் தேவையான சொற்களை ஒரு கெட்டி அட்டையில் ரோமன் எழுத்திலும் எழுதிக்கொள்ளுங்கள். போனில் சார்ஜ் தீர்ந்தாலும் அட்டை கையில் இருக்கும்.

1. எந்த ஊரில் எந்த மொழி என்று முதலில் பிரியுங்கள்

1978ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தின் 3ஆம் பிரிவு ஸ்பானிஷை, அதாவது காஸ்திலியனை, நாடு முழுவதற்குமான ஆட்சிமொழி ஆக்குகிறது. அதை அறிந்திருப்பது குடிமக்களின் கடமை என்றும் சொல்கிறது. மற்ற மொழிகள் அந்தந்தத் தன்னாட்சி வட்டாரத்தில் இணை ஆட்சிமொழிகள். ஆகவே நீங்கள் ஸ்பானிஷில் பேசினால் புரியாதவர் என்று நடைமுறையில் யாரும் இல்லை.

கத்தலோனியாவிலும் பலேரிக் தீவுகளிலும் கத்தலான். வலென்சியா வட்டாரத்தில் அதே மொழிக்கு வலென்சியன் என்று பெயர். பாஸ்க் நாட்டிலும் நவார்ராவின் வடபகுதியிலும் பாஸ்க். அவர்கள் தங்கள் மொழியைச் சொல்வது எயுஸ்கேரா என்று. வடமேற்கு மூலையான காலிசியாவில் காலிசியன். பைரனீஸ் மலைக்குள் இருக்கும் ஆரான் பள்ளத்தாக்கில் அரனேஸ் என்ற ஆக்ஸிதன் மொழியும் உண்டு.

வட்டாரத்தை மட்டும் பார்த்தால் போதாது, ஊரின் அளவையும் பாருங்கள். பார்சலோனா, பில்பாவோ, வலென்சியா நகரம், அலிகாந்தே, வீகோ ஆகிய இடங்களில் தெருவில் அதிகம் கேட்பது ஸ்பானிஷ். ஹிரோனா, விக், ஓலோத் என்று உள்ளே போனால் கத்தலான். அஸ்பெய்த்தியா, ஒந்தார்ரோவா, லெகெய்த்தியோ போன்ற ஊர்களில் பாஸ்க். காலிசியாவில் கிராமம் நெருங்க நெருங்க காலிசியன். எந்த மொழிப் பலகைகளுக்கு அதிக நேரம் ஒதுக்குவது என்று இதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். தங்கும் ஊர்களை எழுதி, பக்கத்தில் மொழியைக் குறியுங்கள்.

2. ஸ்பானிஷ்: எவ்வளவு, எந்த வரிசையில்

தினம் அரைமணி நேரம் ஒதுக்கினால் நான்கு வாரத்தில் தேவையானது வந்துவிடும். இலக்கணத்தில் தொடங்காதீர்கள். முதல் வாரம் எண்கள் மட்டும். விலை, பிளாட்பார எண், நேரம் எல்லாம் எண்தான். செசெந்தா 60, செதெந்தா 70. இந்த இரண்டும்தான் காதில் அதிகம் குழம்பும். தோஸ் என்றால் 2, தோசே போலக் கேட்பது 12.

இரண்டாம் வாரம் கேள்விகள்: எங்கே, எவ்வளவு, எத்தனை மணிக்கு, இருக்கிறதா. மூன்றாம் வாரம் சாப்பாடு. நான்காம் வாரம் சிக்கல் சமாளிக்கும் வாக்கியங்கள்: புரியவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள், எழுதித் தர முடியுமா. பலர் இந்தக் கடைசி வகையை விட்டுவிடுகிறார்கள். கேள்வி கேட்கத் தெரிந்து, பதில் புரியாதபோது என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்பது அதனால்தான்.

உச்சரிப்பில் தமிழருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஸ்பானிஷின் ‘டி’ எழுத்து நம் தகரம், டகரம் அல்ல. தக்காளி ‘தொமாத்தே’, ‘டொமாட்டே’ இல்லை. ஆங்கிலப் பழக்கத்தில் டகரம் போடுவதுதான் நம்மவர் செய்யும் முதல் தவறு. மேலே அலை போட்ட ‘என்’ எழுத்து நம் ஞகரமேதான். இரட்டை ‘ஆர்’ வந்தால் றகரத்தை அழுத்தி உருட்டுங்கள். ‘ஹெச்’சுக்கு ஒலியே கிடையாது. ‘வி’யும் (V) ‘பி’யும் (B) ஒரே ஒலி.

படித்தது லத்தீன் அமெரிக்க ஸ்பானிஷ் என்றால் கவலை வேண்டாம். நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்லும் ஒலியும், பலரைச் சேர்த்துக் கூப்பிடும் ‘வொசோத்ரோஸ்’ என்ற சொல்லும் காதுக்குப் புதிதாக இருக்கும். அவற்றைக் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும், நீங்கள் அப்படிப் பேச வேண்டியதில்லை.

3. ஊர்ப்பெயர் அட்டை

டிக்கெட் எடுப்பதற்கு முன்பே இது தயாராக வேண்டும். ஒரே ஊருக்கு இரண்டு பெயர் இருக்கும். வழிகாட்டிப் புத்தகத்தில் ஒன்று, சாலைப் பலகையில் இன்னொன்று.

சான் செபஸ்தியான் என்பதும் தொனொஸ்தியா என்பதும் ஒரே ஊர். வித்தோரியா, கஸ்தெய்ஸ் ஒன்று. பம்ப்லோனா, இருஞா ஒன்று. ஃபுவென்தெர்ராபியா என்று பழைய புத்தகம் சொல்வது இன்றைய பலகையில் ஒந்தார்ரிபியா. லேரிதா என்பது யேய்தா, அலிகாந்தே என்பது அலகாந்த், எல்சே என்பது எல்ஷ், ஹாவியா என்பது ஷாபியா. இபிசா தீவின் பெயர் அங்கே எய்விஸா. கத்தலோனியாச் சாலையில் சரகோஸா என்று பார்த்தால் அது வேறு ஊர் அல்ல, ஸ்பானிஷில் தரகோதா எனப்படும் அராகோன் வட்டாரத் தலைநகரம்தான்.

பலர் சறுக்கும் இடம் இருஞாவும் இரூனும். இருஞா பம்ப்லோனா. இரூன் பிரெஞ்சு எல்லை ஊர். சாலை வழியே இரண்டுக்கும் நடுவே 80 கிலோமீட்டருக்கும் மேல். பெயரின் முதல் மூன்று எழுத்தை மட்டும் பார்த்துப் பஸ் ஏறக்கூடாது.

காலிசியாவில் ஊர்ப்பெயருக்கு முன்னால் ‘ஆ’ அல்லது ‘ஓ’ வரும்: ஆ கொருஞா, ஓ பொர்ரீஞோ. டிக்கெட் தளத்தில் ‘ஆ’வில் கிடைக்காவிட்டால் ‘கொருஞா’ என்று தேடுங்கள்.

பாஸ்க் பலகைகளில் நமக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. அங்கே ஊர்ப்பெயரின் வால் மாறும். பில்போ என்பது பில்பாவோ. ‘பில்போரா’ என்றால் பில்பாவோவுக்கு, ‘பில்போதிக்’ என்றால் பில்பாவோவிலிருந்து. மதுரைக்கு, மதுரையிலிருந்து என்று நாம் வேற்றுமை உருபு சேர்ப்பது போலவேதான். இரு மொழிக்கும் உறவு எதுவும் இல்லை, கட்டுமானம் மட்டும் ஒத்துப்போகிறது. ‘தொனொஸ்தியாரா’ என்று பஸ்ஸில் இருந்தால் புது ஊர் என்று மிரளாமல் வாலை வெட்டிவிட்டுப் படியுங்கள். தெருவுக்கான சொல்லும் பின்னால்தான் வரும்: ‘ஊர்பியெத்தா கலெயா’, ஊர்பியெத்தா தெரு. ஸ்பானிஷில் ‘காய்யே ஊர்பியெத்தா’ என்று முன்னால் வரும். கத்தலானில் தெரு ‘கர்ரெ’, காலிசியனில் ‘ரூவா’.

4. கதவில் இருக்கும் சொற்கள்

பலகைச் சொற்களில் பத்தைத் தெரிந்துகொண்டால் முக்கால்வாசிச் சிக்கல் தீரும். கத்தலானும் காலிசியனும் ஸ்பானிஷின் உறவு மொழிகள் என்பதால் ஊகிக்கலாம். பாஸ்கை ஊகிக்கவே முடியாது. அது எந்த மொழிக் குடும்பத்திலும் சேராதது. ஆகவே மனப்பாட நேரத்தில் பாதியைப் பாஸ்குக்குக் கொடுங்கள்.

வெளியே: ஸ்பானிஷில் சலீதா, கத்தலானில் சொர்தீதா, காலிசியனில் சயீதா, பாஸ்கில் இர்தேரா.

மூடியிருக்கிறது: தெர்ராதோ, தங்காத், பெச்சாதோ, இச்சீதா. கடைசியாகச் சொன்ன பாஸ்க் சொல்லை மட்டும் மறக்காதீர்கள்.

கழிப்பறை: பாஸ்கில் ‘கொமுனாக்’. கதவில் படம் இல்லாமல் ‘ஜி’, ‘ஈ’ என்ற எழுத்து மட்டும் இருக்கலாம். ‘ஜி’ என்றால் கிசொனாக், ஆண்கள். ‘ஈ’ என்றால் எமகுமெயாக், பெண்கள். கத்தலானில் பெண்கள் ‘தோனெஸ்’, காலிசியனில் ‘முயேரெஸ்’. இரு மொழிகளிலும் ஆண்களுக்கான சொல்லின் எழுத்து ஆங்கிலத்தில் ‘வீடுகள்’ என்பதற்கான சொல்லைப் போலவே இருக்கும். அறை வாடகை விளம்பரம் என்று நினைத்துவிட வேண்டாம்.

கத்தலானில் ‘கோம்த்தெ’ என்ற சொல் இரு வேலை செய்கிறது. ஹோட்டல் மேசையில் அது பில். தெருவில் யாராவது அதையே உரக்கக் கத்தினால் ஜாக்கிரதை என்று பொருள், உடனே நின்றுவிடுங்கள். பாஸ்கில் எச்சரிக்கைச் சொல் ‘கொந்துஸ்’.

ஒரு எழுத்து விதியும் உதவும். இந்த மூன்று மொழிகளிலும் ‘எக்ஸ்’ பெரும்பாலும் ஷகர ஒலி. காலிசிய அரசின் பெயர் ‘ஷுந்தா’. பாஸ்கில் ‘டி’யும் ‘எக்ஸ்’ஸும் (TX) சேர்ந்தால் ச்ச: பின்ச்சோ, அதாவது குச்சியில் குத்தித் தரும் சிறு தீனி.

5. வணக்கம் உள்ளூர் மொழியில், விஷயம் ஸ்பானிஷில்

கடைக்குள் நுழைந்ததும் வணக்கம் சொல்லாமல் நேராகக் கேள்வி கேட்பது ஸ்பெயினில் எங்குமே மரியாதைக் குறைவு. அந்த ஒரு வணக்கத்தை உள்ளூர் மொழியில் சொல்லுங்கள். மக்கள் காலங்காலமாகக் கட்டிக்காத்து வரும் மொழி அது. அதில் இரண்டு சொல் சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

கத்தலான்: காலையில் ‘பொன் தீயா’, மதியத்துக்கு மேல் ‘போனா தார்தா’, விடைபெற ‘அதேவ்’, நன்றிக்கு ‘கிராசியெஸ்’. தெருவில் ‘மெர்சி’யும் சாதாரணம். வலென்சியாவில் மாலை வணக்கம் ‘போனா வெஸ்ப்ராதா’.

பாஸ்க்: ‘கய்ஷோ’ எந்நேரத்துக்கும், காலையில் ‘எகுன் ஒன்’, நன்றிக்கு ‘எஸ்கெர்ரிக் அஸ்கோ’, விடைபெற ‘அகுர்’. இங்கே ஒரு பொறி: ‘பாய்’ என்றால் ஆமாம். கிளம்பும்போது ஆங்கிலப் பழக்கத்தில் ‘பாய்’ சொன்னால் ஆமாம் ஆமாம் என்று சொல்வதாகும். ‘எஸ்’ என்று ஒலிக்கும் சொல்லுக்கோ ‘இல்லை’ என்று பொருள்.

காலிசியன்: ‘போஸ் தீயாஸ்’, ‘போவாஸ் தார்தெஸ்’, ‘கிராதாஸ்’.

இப்போது முக்கியமான கட்டம். நீங்கள் ‘பொன் தீயா’ சொன்னதும் எதிரில் இருப்பவர் கத்தலானில் மடமடவென்று பேசத் தொடங்குவார். பதறி ஆங்கிலத்துக்குத் தாவாதீர்கள். ‘பெர்தோனே, பொதேமோஸ் அப்லார் என் காஸ்தெயானோ?’ என்று கேளுங்கள்: மன்னிக்கவும், காஸ்திலியனில் பேசலாமா? அந்த நொடியே மொழி மாறும். இங்கே ‘எஸ்பஞோல்’ என்பதைவிட ‘காஸ்தெயானோ’ என்ற சொல்லே நல்லது. அவர்கள் மொழியும் ஸ்பெயினின் மொழிதானே.

அதேபோல் இவற்றில் எதையும் ‘வட்டார வழக்கு’ என்று சொல்லிவிடாதீர்கள், அவை தனி மொழிகள். வலென்சியாவில் அவர்கள் மொழியை வலென்சியன் என்றே சொல்லுங்கள். வலென்சிய மொழிக் கழகம் 2005இல் இதுவும் கத்தலானும் ஒரே மொழி என்று அறிவித்தது. ஆனாலும் பெயர் விஷயத்தில் அங்கே உணர்ச்சி கொதிக்கும், பயணி அதில் தலையிட வேண்டாம். உங்களோடு ஸ்பானிஷில் பேசியவர் பக்கத்து ஆளிடம் திரும்பித் தம் மொழியில் பேசினால் அது உங்களை ஒதுக்குவது அல்ல. வீட்டில் விருந்தாளி இருக்கும்போது நாமும் தமிழில் பேசிக்கொள்கிறோமே, அதுதான்.

6. மணியும் கிழமையும்

அதிக நஷ்டம் தரும் பிழை இங்கேதான் நடக்கிறது, நிதானமாகப் படியுங்கள்.

கத்தலோனியாவில் ‘தோஸ் குவார்த்ஸ் தெ சிங்க்’ என்று நேரம் சொல்வார்கள். சொல்லுக்குச் சொல் எடுத்தால் ஐந்தின் இரண்டு கால். ஸ்பானிஷ் தெரிந்தவர் காதில் விழுவது இரண்டும் ஐந்தும்தான். ஐந்தரை என்று எழுதிக்கொண்டு போவார். உண்மையில் அது நாலரை. நாம் முடிந்துபோன மணியிலிருந்து எண்ணுகிறோம்: நாலேகால், நாலரை, நாலேமுக்கால். அவர்கள் வரப்போகும் மணியை நோக்கி எண்ணுகிறார்கள்: ஐந்தை நோக்கி ஒரு கால் என்றால் 4.15, இரண்டு கால் 4.30, மூன்று கால் 4.45. ‘குவார்த்ஸ்’ காதில் விழுந்ததும் சொன்ன மணியில் ஒன்றைக் கழியுங்கள். பிறகு ஸ்பானிஷில் ‘அ லாஸ் குவாத்ரோ இ மேதியா?’, நாலரைக்கா, என்று கேட்டு உறுதி செய்யுங்கள். வலென்சியாவில் ஸ்பானிஷ் பாணியிலேயே சொல்வார்கள்.

கிழமைகளில் கத்தலான் ‘தி’யில் தொடங்கும்: தில்லுன்ஸ் திங்கள், திமார்த்ஸ் செவ்வாய், திமேக்ரெஸ் புதன். செவ்வாயும் புதனும் ஒன்றுபோல் தோன்றும், கடைசி எழுத்துகளைப் பாருங்கள். பாஸ்கில் ‘அஸ்தே’ என்றால் வாரம். முதல் மூன்று நாளும் அதில்தான் தொடங்குகின்றன: அஸ்தெலெஹெனா, அஸ்தெயார்தெயா, அஸ்தெயாஸ்கெனா. மூன்றாவதற்கு நேர்ப்பொருள் ‘வாரக் கடைசி’, ஆனால் அது புதன்கிழமை. ஸ்பானிஷ் நேரப்பட்டியலில் ‘எக்ஸ்’ என்ற ஒற்றை எழுத்து புதன். காலிசியனில் ‘எக்ஸ்’ஸில் தொடங்குவது ஷோவெஸ், வியாழன். பஸ் அட்டவணை எந்த மொழியில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுத்தைப் படியுங்கள்.

வட்டார விடுமுறைகளையும் குறித்துக்கொள்ளுங்கள்: கத்தலோனியாவில் செப்டம்பர் 11, டிசம்பர் 26; வலென்சியாவில் அக்டோபர் 9; காலிசியாவில் ஜூலை 25. கடைகள் மூடியிருக்கும், பஸ்கள் ஞாயிறு அட்டவணையில் ஓடும்.

7. சாப்பாட்டு மேசை

வேளைப் பெயர்களே ஏமாற்றும். கத்தலானில் ‘தினா’ என்பது மதிய உணவு. எழுத்தைப் பார்த்தால் இரவு உணவு போலத் தெரியும். இரவு உணவு ‘சொபா’. காலிசியனில் ‘அல்மோர்சோ’ காலை உணவு. அதன் ஸ்பானிஷ் சகோதரச் சொல் முற்பகல் சிற்றுண்டி அல்லது மதிய உணவு. ஹோட்டல் முன்பதிவில் எந்த வேளை சேர்ந்திருக்கிறது என்று பார்க்கும்போது இது முக்கியம். சமையலறை பெரும்பாலும் பகல் 1.30 முதல் 3.30 வரை, இரவு 8.30க்கு மேல் இயங்கும். மாலை ஆறு மணிக்கு முழுச் சாப்பாடு தேடி அலையாதீர்கள்.

சைவர்களுக்கு: ‘சொய் வெஹெதாரியானோ’ என்று மட்டும் சொன்னால் போதாது. ‘கார்னே’ என்றால் பலர் மனதில் துண்டு இறைச்சிதான். ஹாம் தூவலும் டூனா மீனும் அதில் சேராது. கலவை சாலட்டில் டூனா வழக்கமாகவே இருக்கும். இப்படிச் சொல்லுங்கள்: ‘நோ கோமோ கார்னே, நி பெஸ்காதோ, நி ஹமோன்.’ இறைச்சி, மீன், ஹாம் எதுவும் சாப்பிடுவதில்லை. பிறகு தட்டைக் காட்டி ‘யேவா ஆல்கோ தே எசோ?’, அதில் ஏதாவது சேர்ந்திருக்கிறதா, என்று கேளுங்கள். காலிசிய ‘கால்தோ’ சூப் கீரையும் உருளையுமாகத் தெரிந்தாலும் பன்றிக்கொழுப்பு சேர்ந்தது. சான் செபஸ்தியானின் ‘ஹில்தா’ பின்ச்சோவில் ஆலிவ், பச்சை மிளகாயோடு நெத்திலி வகை மீனும் குத்தியிருக்கும். தக்காளி தேய்த்த கத்தலான் ரொட்டியும், காலிசியாவின் பத்ரோன் மிளகாய் வறுவலும் நம்பிச் சாப்பிடலாம்.

மாடு, பன்றி தவிர்ப்பவர்கள் மெனுவில் இவற்றைத் தேடுங்கள். மாட்டிறைச்சி: தெர்னேரா, வெதேயா, தென்ரெய்ரா, ச்சஹாலா. பன்றி: தெர்தோ, போர்க், போர்கோ, ச்செர்ரியா. வரிசை ஸ்பானிஷ், கத்தலான், காலிசியன், பாஸ்க்.

பால் காபிக்கு ஸ்பானிஷில் ‘கஃபே கோன் லேச்சே’ என்றே எங்கும் கேளுங்கள். மெனுவில் மட்டும் ‘கஃபெஸ்னெயா’ என்று பாஸ்கிலோ ‘கஃபே அம் யெத்’ என்று கத்தலானிலோ இருக்கும். சிறு பால் விட்ட கொர்தாதோ கத்தலானில் ‘தயாத்’.

8. இயந்திரங்கள், தளங்கள், மொழிபெயர்ப்பு ஆப்

டிக்கெட் இயந்திரத்திலும் ஏடிஎம்மிலும் எந்தப் பொத்தானையும் அழுத்தும் முன் மொழியை மாற்றுங்கள். நடுவில் மாற்றினால் பல இயந்திரங்கள் முதலிலிருந்து தொடங்கிவிடும். வலைதளங்களில் மேலே இரண்டெழுத்துக் குறி இருக்கும். ‘ஈ-யூ’ என்றால் ஐரோப்பிய ஒன்றியம் இல்லை, எயுஸ்கேரா. ‘சி-ஏ’ கத்தலான், ‘ஜி-எல்’ காலிசியன், ‘ஈ-எஸ்’ ஸ்பானிஷ். தேடலில் வந்த பக்கம் புரியாவிட்டால் மூடிவிடாமல் ‘ஈ-எஸ்’ஸை அழுத்துங்கள்.

ஆப்பில் மொழியைத் தானாகக் கண்டுபிடிக்க விடாதீர்கள். நாலு சொல் மெனுவை வைத்து அது காலிசியனைப் போர்ச்சுகீஸ் என்றும் கத்தலானைப் பிரெஞ்சு என்றும் எடுத்துக்கொள்ளும். மூல மொழியைக் கையால் தேர்ந்தெடுங்கள். ஆஃப்லைன் தொகுப்புகளை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். மலையூர்களில் சிக்னல் நிச்சயமில்லை.

9. அவசரம் என்றால்

எண் 112. மருத்துவமனையில் அவசரப் பிரிவு கத்தலானில் ‘உர்ஜென்சியெஸ்’, காலிசியனில் ‘உர்ஷென்சியாஸ்’ என்று புரியும்படி இருக்கும். பாஸ்கில் ‘லர்ரியால்தியாக்’. அட்டையின் தலைப்பில் எழுத வேண்டிய சொல் இதுதான்.

பாஸ்போர்ட் தொலைந்தால் போலீஸில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, நகல் வாங்க வேண்டும். அதன் பெயர் ‘தெனுன்சியா’. கத்தலோனியாவில் போலீஸ் ‘மொஸோஸ்’, பாஸ்க் நாட்டில் ‘எர்ச்சய்ன்ச்சா’; பெயர் வேறாக இருந்தாலும் போலீஸ்தான். ‘என் காஸ்தெயானோ, போர் ஃபவோர்’ என்று தொடக்கத்திலேயே சொல்லி, புகாரை ஸ்பானிஷில் வாங்குங்கள். தூதரகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் அதைப் படிக்க ஆள் எளிதில் கிடைப்பார்.

10. எல்லையைத் தாண்டும்போது

உங்கள் ஸ்பானிஷ் எங்கே முடிகிறது என்பதையும் அட்டையில் குறியுங்கள். பைரனீஸ் மலையில் இருக்கும் அந்தோரா என்ற சிறு நாட்டில் ஆட்சிமொழி கத்தலான் மட்டுமே, ஆனால் ஸ்பானிஷ் தாராளமாகச் செல்லும். சான் செபஸ்தியானிலிருந்து ‘தோப்போ’ என்ற சிறு ரயிலில் ஏறினால் கடைசி நிறுத்தம் ஹெந்தாயா, அது பிரான்ஸ். அங்கேயும் பலகையில் பாஸ்க் தெரியும், ‘கய்ஷோ’வும் எடுபடும். ஆனால் ஸ்பானிஷுக்கு அங்கே ஆட்சிமொழித் தகுதி இல்லை. வடக்கே போகப் போகப் புரிந்துகொள்பவரும் குறைவார்கள். பிரான்ஸில் இருக்கும் பெர்ப்பிஞானிலும் இதே கதை: கத்தலான் பெயர்கள், பேச்சு பிரெஞ்சு. இந்த இரு பிரெஞ்சு ஊர்களிலும் ரயிலிலிருந்து இறங்குவதற்கு முன்பே ‘பொன்ஷூர்’ என்ற வணக்கத்துக்கு மாறிவிடுங்கள்.